மாரிக்காலமும் மோட்டார் வண்டியும்

மழையைப் போற்றாத தமிழ்ப் புலவர் இலர். கடவுள் வாழ்த்தினை அடுத்து மழைக்கே ஓர் அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். தமிழிலக்கியம் பயிலும் மாணவராகிய யாம் அவ்வதிகாரத்தை வகுப்பறையில் ஓதும்பொழுது சாளரத்திற்கு வெளியே மழை பெய்யுமாயின், எம் உள்ளம் களிகொள்கின்றது. ஆயினும், மணி அடித்து, வகுப்புக் கலைந்து, அதே மழையில் இல்லந் திரும்பச் சாலையில் இறங்கிய மாத்திரத்தில் அக்களிப்பு அச்சமாக மாறிவிடுகின்றது. இவ்வச்சத்திற்குக் காரணம் மழையன்று. மழையில் வண்டி ஓட்டும் மக்களே. இதனைச் சிறிது ஆராய்வது எம் போன்ற மாணவர்க்கும் பிறர்க்கும் பயன்படும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எமது தூத்துக்குடி மழைக்குப் பழகாத ஊர். தென்மேற்குப் பருவக்காற்றின் நீரை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக் கொள்கின்றது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வரும் வடகிழக்குப் பருவமழையே எமக்குக் கதி. ஆண்டின் பெரும்பகுதி வெயிலும் உப்புமாகவே கழிகின்றது. அதனாலன்றோ எம்மூர் உப்பளங்கள் செழிக்கின்றன! 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி பெருகிச் சாலைகளும் இருப்புப்பாதையும் அறுபட்ட கொடுமையை எவரும் மறந்திரார். அது மனிதர் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. யாம் ஈண்டுப் பேசப் புகுவது அப்பெருவெள்ளத்தைப் பற்றியன்று. ஆண்டுதோறும் வந்து, ஒரு மணி நேரம் பெய்து, ஓய்ந்து போகும் சாதாரண மழையைப் பற்றியே. அதில் நேரும் துன்பம் பெரும்பாலும் மனிதர் கைவேலை.

எம்மூரில் ஒரு விந்தை உண்டு. கடலில் காற்றழுத்தம் தாழ்ந்ததென்று செய்தி வந்தவுடன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். அக்கூண்டிற்கு 1 முதல் 11 வரை எண்கள் உள. எண்ணைக் கண்டவுடனே அபாயம் தொலைவிலா, அருகிலா என்பது கடற்றொழிலாளர்க்கு விளங்கிவிடும். மீன்வளத் துறையினர் விசைப்படகுகளுக்குச் சீட்டு வழங்குவதை நிறுத்துவர். படகுகள் கரையில் நிரைநிரையாகக் கட்டப்படும். அன்றைய வருவாய் போயிற்றே என்று வருந்துவோர் உண்டு. எனினும் கடல் மாறிவிட்டது, ஆதலின் நாமும் மாறவேண்டும் என்பதை மறுப்போர் இலர். இனி, அக்கடற்கரையினின்றும் சிறிது தூரம் உள்ளே நடந்து நெடுஞ்சாலைக்கு வந்து பாருங்கள். அதே வானம், அதே மழை. வண்டிகளின் வேகமோ நேற்றைய வெயிலில் இருந்த அதே வேகம்! ஒரே ஊரில் நீருக்கு ஒரு நீதி, நிலத்திற்கு வேறொரு நீதி. இஃது என்ன அறிவுடைமை என்று யாம் பலகால் வியந்ததுண்டு.

மழைநாளில் எம் சாலைகளில் காணும் காட்சிகளை ஒருவாறு தொகுத்துக் கூறுவோம். நீர் தேங்கிய இடத்தைக் கண்டவுடன் விரைவைக் கூட்டி, இருபுறமும் நீரை மதில்போல் எழுப்பிச் செல்லுதல் ஒரு சாராரின் வீரம். முன் செல்லும் வண்டியின் பின்புறத்தை முட்டுமளவு நெருங்கிச் சென்று ஆரன் அடித்துக்கொண்டேயிருத்தல் மற்றொரு சாராரின் பொறுமை. எதிரே வருவோன் கண்ணைக் குருடாக்கும்படி முகப்பு விளக்கை முழு ஒளியில் எரியவிடுதல் சிலருக்கு வழக்கம். மாலை மயங்கி மழை இருண்ட பின்னும் விளக்கையே ஏற்றாமல் வருதல் வேறு சிலருக்குச் சிக்கனம். ஒரு கையில் குடையும் மறு கையில் கைப்பிடியுமாக இருசக்கர வண்டியில் செல்வோரையும் கண்டோம். பின்னே அமர்ந்தவர் பிடித்த குடை காற்றில் மடங்கி ஓட்டுவோர் முகத்தை மூடியதையும் கண்டோம். இவர்களுள் எவரும் கொடியவர் அல்லர். வீட்டில் அன்புடைய தந்தையராகவும் தமையன்மாராகவும் இருப்பவரே. சாலை நனைந்தது என்பதொன்றே அவர்கள் கருத்தில் ஏறவில்லை.

நனைந்த சாலை வேறு சாலை என்பதைச் சிறிது கணக்கினால் காட்டுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். அபாயத்தைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்குமுன் அந்த ஒரு நொடி போய்விடும். அதன்பின், ரப்பருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வை உலர்ந்த தரையில் 0.7 என்றும் நனைந்த தரையில் 0.4 என்றும் கொண்டால், வண்டி நிற்பதற்கு உலர்ந்த சாலையில் 20 மீட்டர் போதும். நனைந்த சாலையில் 35 மீட்டர் வேண்டும். வேகம் 80 ஆயின், முன்னையது 36, பின்னையது 63. வேகம் இருமடங்கானால் நிற்கும் தூரம் நான்மடங்காகும் என்பது பௌதிக நூல் பயின்ற சிறுவரும் அறிந்ததே. அறிந்ததை மழையன்று நினைப்பவர் எத்தனை பேர்?

எம்மூர்ச் சாலைக்குத் தனியான ஒரு தீங்கும் உண்டு. பல திங்களாக மழை காணாத தார்ச்சாலையில் லாரிகள் சிந்திய எண்ணெயும், டயர் தேய்ந்த தூளும், உப்பும், துறைமுகத்தினின்று வரும் நிலக்கரிப் பொடியும் படிந்து கிடக்கின்றன. முதல் மழையின் முதல் துளிகள் இவற்றைக் கழுவுவதில்லை, குழைக்கின்றன. பெருமழையைவிடத் தொடக்கத் தூறலே வழுக்குவது இதனாலேயாம். நீர் மிகுந்து நிற்கும் இடத்திலோ வேறோர் அபாயம். விரைந்து உருளும் டயர் தன் பள்ளங்களின் வழியே நீரை வெளியேற்ற இயலாதபொழுது நீரின்மேல் ஏறி மிதக்கின்றது. அப்பொழுது சுக்கானும் பிரேக்கும் வெறும் அலங்காரமே. காரின் டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைதல் ஆகாதென்று விதி உளது. தேய்ந்து வழுக்கைத் தலைபோல் ஆன டயருடன் மழையில் இறங்குவோர் விதியையும் மதிக்கவில்லை, தம் உயிரையும் மதிக்கவில்லை.

சென்ற கார்த்திகையில் நிகழ்ந்ததொன்றைச் சொல்லுவோம். எம் வகுப்புத் தோழர் ஒருவரும் யாமும் தனித்தனி வண்டிகளில் திருநெல்வேலிச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். வாகைக்குளம் கடந்து புதுக்கோட்டையை நெருங்குகையில் மழை பிடித்துக்கொண்டது. எம்மை முந்திச் சென்ற கார் ஒன்று தேங்கிய நீரை வாரித் தோழர் முகத்தில் அறைந்தது. கண் தெரியாமல் அவர் பிரேக்கை அழுத்தினார், வண்டி சறுக்கிற்று, அவர் நடுச்சாலையில் விழுந்தார். பின்னே ஒரு பாரலாரி வருவதை யாம் கண்டோம். அந்த இரண்டு மூன்று நொடிகளை நினைக்குந்தோறும் இன்றும் எமக்கு உடல் நடுங்குகின்றது. லாரி தோழரினின்றும் பத்தடி தூரத்தில் வந்து நின்றது. கார் நிற்கவேயில்லை, தான் செய்ததை அக்காருடையார் இன்றளவும் அறிந்திரார். லாரி ஓட்டுநரே இறங்கி வந்து தோழரைத் தூக்கி ஓரத்தில் இருத்தினார். நன்றி கூறினோம். அவர், “மழையின்னா நான் நாப்பதைத் தாண்ட மாட்டேன் தம்பி, முன்னால போறவன் எப்ப விழுவான்னு யாருக்குத் தெரியும்?” என்றார். தோழருக்கு மணிக்கட்டு முறிந்தது. அவ்வாண்டுப் பருவத் தேர்வை அவரால் எழுத இயலவில்லை. எனினும் உயிர் எஞ்சியது. அவ்வுயிரை எஞ்சச் செய்தது அந்த ஓட்டுநர் விட்டிருந்த இடைவெளியே.

ஒரு சிலர் மறுத்துரைப்பர்: “சாலை குண்டும் குழியுமாக உளது, வடிகால் இல்லை, லாரிக்காரர்க்குக் கப்பல் நேரம், கம்பெனி நேரம் என்ற நெருக்கடி. ஓட்டுநரை மட்டும் குறை கூறுதல் முறையோ?” இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. கடல் மட்டத்திற்குச் சிறிதே உயர்ந்த சமநிலத்தில் உள்ள எம்மூரில் நீர் எளிதில் வடிவதில்லை. அதற்கு வழி செய்தல் ஆள்வோர் கடமை. நேரத்திற்குக் கூலி பேசுவோரும் மழைக்கு நேரம் விடுதல் வேண்டும். ஆனால் குழி இருப்பதால் மெதுவாகச் செல்லவேண்டுமென்பதன்றி, விரைந்து செல்லலாம் என்பது எவ்வாறு பெறப்படும்? மேலும், நெருக்கடி மிகுந்த அந்த லாரிக்காரரே நின்றார். நெருக்கடி யாதுமில்லாத காருடையாரே நில்லாது சென்றார்.

பிற நாட்டினர் செய்திருப்பதையும் நோக்குதல் தகும். பிரெஞ்சு நாட்டின் பெருவழிகளில் வேக எல்லை மணிக்கு 130 கிலோமீட்டர். மழை பெய்யின் அவ்வெல்லை 110 ஆகக் குறைந்துவிடுகின்றது. சட்டமே வானத்தைப் பார்த்து மாறுகின்றது! ஆங்கில நாட்டுச் சாலை நெறிநூல், நனைந்த சாலையில் வண்டி நிற்கும் தூரம் குறைந்தது இருமடங்காகும் என்று ஓட்டுநர்க்கு அறிவுறுத்துகின்றது. நடந்து செல்வோர்மீது நீரை வாரியடித்தலும் அந்நாட்டில் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி குற்றமாகலாம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதே 1988-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டதே. அபாயகரமாக ஓட்டுவோரைத் தண்டிக்க அதிலும் இடம் உண்டு. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் தொகை 1,68,491. அவ்வாண்டு மாநிலங்களுள் மிகுதியான விபத்துக்கள் நிகழ்ந்தது நம் தமிழ்நாட்டில். இத்தொகையைப் படித்தபின்னும் சட்டம் ஏட்டில் உறங்குதல் நன்றோ?

சட்டத்தினும் பெரியதொன்று எம் கடற்கரைக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவில் அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதன் நினைவோ எம்மூரினின்றும் அகலவில்லை. குளியாள் கல்லைப் பற்றி ஆழத்தில் இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்பான். கீழிருந்து கயிறு அசைந்த கணமே இழுத்தல் வேண்டும். அவன் கவனம் சிறிது பிசகினால் கீழுள்ளவன் மூச்சு முடிந்துவிடும். ஆதலின், கயிறு பிடிக்க மைத்துனனையே நிறுத்துவது வழக்கமென்பர். தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாகச் சம்மதிப்பவன் எவன்? மழைச் சாலையும் அத்தகையதே. நம் ஒவ்வொருவர் கயிறும் பிறனொருவன் கையில் உளது. ஆனால் இங்கே கயிறு பிடிப்பவன் மைத்துனன் அல்லன். முன்பின் அறியாத அயலான். அயலானும் மைத்துனனைப்போல் கயிறு பிடிக்கின்ற ஊரே நாகரிகமுடைய ஊர். அன்று அந்த லாரி ஓட்டுநர் எம் தோழர் கயிற்றை அங்ஙனமே பிடித்திருந்தார்.

இவ்வளவும் எழுதிய யாம் குற்றமற்றவர் அல்லேம். தோழர் விழுந்து பதினைந்து நாள் ஆகுமுன், தேர்வுக்கு நேரமாயிற்றென்று விரைந்தபொழுது, தலையில் மீன்கூடையுடன் சாலையோரம் நடந்த மூதாட்டி ஒருவர்மீது எம் வண்டி சேற்றுநீரை வாரியடித்தது. சிறிது தூரம் சென்ற பின்னரே உணர்ந்தோம். திரும்பிப் பார்த்தோம், திரும்பிச் செல்லவில்லை. அவர் வைதிருந்தால் ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கூடையை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். காருடையார்மீது யாம் கொண்டிருந்த சினத்தில் பாதி அன்று எம்மீதே திரும்பிற்று. பிறர் ஓட்டும் முறையைப் பழிப்போர் அனைவரும் தம் வண்டிக்குப் பின்னே ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராக.

முடிவாக, யாம் வேண்டுவன சில. நகரின் நுழைவாயில்களிலும், சுங்கச் சாவடிகளிலும், துறைமுகச் சாலையிலும் மழைக்கால வேகம் இன்னதென்று பலகை நாட்டுக. ஓட்டுநர் உரிமம் வழங்குமுன் மழையில் ஓட்டும் முறையையும் கேட்டறிக. மழை தொடங்கியவுடன் வேகத்தைக் குறைத்து, இடைவெளியை இரட்டித்து, விளக்கைத் தாழ்த்தி ஏற்றி, நீர் தேங்கிய இடத்தில் நடப்போரைக் கண்டு ஊர்ந்து செல்வதை ஒவ்வொருவரும் வழக்கமாக்கிக் கொள்க. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கடலோரத்தில் கூண்டு ஏறியவுடன் படகைக் கட்டுகின்ற அறிவு எம்மூரார்க்குப் பல்லாண்டுகளாக உளது. முதல் துளி கண்ணாடியில் விழும்பொழுதே சாலைக்கும் ஒரு கூண்டு ஏறிவிட்டதென்று எண்ணுவோமாயின், வகுப்பறையில் மழையைப் புகழ்ந்த அதே வாயால், இல்லம் சேர்ந்த பின்னும் அதனைப் புகழலாம்.