அந்த அரைமணி நேரம்

ஷா ஆலமில் உள்ள என் அக்காள் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக் கிடைப்பதில்லை. இரண்டாம் படிவம் பயிலும் அவர் மகள், பள்ளி ரோபோட்டிக் கழகத்தில் இரவல் பெற்ற லெகோ துண்டுகளை அதன்மீது பரப்பியிருப்பாள். வெள்ளை அட்டையில் ஒட்டிய கறுப்பு நாடாவின் வழியே அவள் செய்த வண்டி தானாக ஓட வேண்டும். காலையில் பிசகின்றி ஓடிய வண்டி, மாலையில் தடம் மாறி மேசை விளிம்புக்கே போய்விட்டது.

எனக்குக் காரணம் புரிந்தது. வண்டியின் அடியிலுள்ள உணரி, தரையில் பட்டுத் திரும்பும் ஒளியைச் சுழியம் முதல் நூறு வரையிலான எண்ணாக அளக்கிறது. வெள்ளைக்கு எண் கூடும், கறுப்புக்குக் குறையும். மாலை வெயில் சன்னல் வழியே விழுந்ததும் எண்கள் மாறிவிட்டன. சொல்ல வாயெடுத்தேன்.

"மாமா, சொல்லாதீங்க!" என்றாள்.

அரைமணி நேரம் கழித்து அவளே திரைச்சீலையை இழுத்து மூடிச் சோதித்தாள். பின்னர், ஓடத் தொடங்குமுன் இரு நிறங்களையும் அளந்து நடு எண்ணைக் கணக்கிடும்படி நிரலைத் திருத்தினாள்.

அந்த அரைமணி நேரம்தான் ரோபோட்டிக்கின் உண்மையான பயன் என்பேன். அதைப் பெரியவர்களாகிய நாம்தான் மாணவர்களிடமிருந்து பறிக்கிறோம்.

ஒரு போட்டியில் நான் கண்டது இது. வண்டி சரியாக 88 சென்டிமீட்டர் ஓடி நின்றது. "சக்கரம் ஐந்து முறை சுழல வேண்டும் என்று ஏன் எழுதினாய்?" என்று நடுவர் கேட்டார். மாணவன் விடை கூறாமல், கூட்டத்தில் தன் பயிற்றுநரைத் தேடினான். சக்கரத்தின் விட்டம் 5.6 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 17.6 சென்டிமீட்டர் ஓடும். கணிதப் பாடத்தில் அவன் படித்த வட்டத்தின் சுற்றளவுதான். ஆனால், அந்த எண்ணை எழுதியவர் வேறொருவர்.

லெகோ நிறுவனம் 1998இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' தொகுதிக்கு, சீமோர் பேப்பர்ட் 1980இல் எழுதிய நூலின் பெயரே சூட்டப்பட்டது. குழந்தையே கணினிக்குக் கட்டளையிட வேண்டும், பிழையைக் கண்டு அஞ்சாமல் அதை ஆராய வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். 2012இல் கோலாலம்பூரில் நடந்த உலக ரோபோ ஒலிம்பியாட்டும் இதே நோக்கம் கொண்டதுதான். அப்போட்டியில் துண்டுகளை மாணவர்களே பொருத்த வேண்டும். பயிற்றுநர் அருகில் நின்று உதவ முடியாது. போட்டிக்கு முன்பே நிரலை எழுதிக் கொடுத்து மனனம் செய்ய வைத்தால், விதி என்ன செய்யும்?

"ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் விலையுள்ள பொருளை எப்படி விட்டுவிடுவது?" எனச் சில பெற்றோர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால், தவறாகப் பொருத்தினால் கழற்றிவிடலாம் என்பதுதானே இத்துண்டுகளின் சிறப்பு? அமெரிக்காவில் வாழ்ந்த இந்திய வம்சாவளிச் சிறுவன் சுபம் பானர்ஜி, 2014இல் இத்தகைய தொகுதியைக் கொண்டே பார்வையற்றோருக்கான பிரெய்ல் அச்சுப்பொறியை உருவாக்கினான். பலமுறை கட்டிக் கலைத்த பிறகே அது இயங்கியது.

என் அக்காள் கணவர் ஷா ஆலம் தொழிற்சாலையொன்றில் பராமரிப்புப் பணியாளர். 1985இல் முதல் புரோட்டோன் சாகா உருவான நகரம் இது. இயந்திரக் கை திடீரென நின்றால், 'ஏன்' என்று கண்டறிபவரையே அங்குத் தேடுவார்கள். பதக்கங்களை யாரும் கேட்பதில்லை என்று அவர் சிரிப்பார்.

எனவே, ஒவ்வொரு போட்டியிலும் நிரலின் ஏதேனும் ஒரு வரியை மாணவரே விளக்க வேண்டும். அதற்கும் புள்ளிகள் வழங்க வேண்டும். கழகப் பயிற்சியில் ஆசிரியர் காரணத்தைக் கேட்கட்டும். விசைப்பலகையைத் தொட வேண்டாம்.

அக்காள் மகள் இப்போது பொருளைப் பற்றித் தூக்கும் கையொன்றைப் பொருத்தி வருகிறாள். நேற்றுவரை அது எதையும் தூக்கவில்லை. வரும் ஞாயிறும் நாங்கள் தரையில் அமர்ந்துதான் சாப்பிடுவோம்.