வேலியை அளந்து வீட்டுக்குக் கணக்கு எழுதியவர்

சின்னக் கருவிகளில் லினக்ஸைப் போடுவது மடத்தனம் என்று நண்பர் ஒரு கட்டுரையில் தீர்ப்பே எழுதிவிட்டார். அவருடைய ஒரே சாட்சி, 64 எம்பி ரேம் உள்ள ஒரு கண்காணிப்பு கேமராவில் அவர் அடித்துப் பார்த்த, ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை. விஎஸ்இசட் பத்தியில் இருந்த எண்களையெல்லாம் கூட்டினாராம். தொகை ரேமைப் போல் பல மடங்கு வந்ததாம். ஆகவே லினக்ஸ் ஒரு பெருந்தீனிக்காரன்!

ஸ்வாப்பும் இல்லாத 64 எம்பி பெட்டிக்குள் அவ்வளவும் எப்படி அடங்கியது என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கட்டுரையே பிறந்திருக்காது. விஎஸ்இசட் சொல்வது ப்ராசஸ் வளைத்துப் போட்ட முகவரிப் பரப்பை. உண்மையில் ரேமில் குடியிருக்கும் பக்கங்களை அல்ல. மனைக்கு வேலி போட்டதையே வீடு கட்டியதாக எழுதுகிற கணக்கு இது. க்ளிப்சி நூலகத்தில் த்ரெட் ஒன்றுக்கு வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் ஒதுக்கப்படும். ஆறு த்ரெட் என்றால் விஎஸ்இசட்டில் 48 எம்பி ஏறிவிடும். தொட்ட பக்கங்களுக்கு மட்டுமே ரேம் செலவாகும். போதாக்குறைக்கு, எல்லா ப்ராசஸும் பகிர்ந்துகொள்ளும் ஒரே நூலகத்தை ஆளுக்கொரு முறை கூட்டியிருக்கிறார்.

கேமராவில் இருந்த பிஸிபாக்ஸின் பிஎஸ், ரேமில் குடியிருக்கும் அளவைச் சொல்லும் ஆர்எஸ்எஸ் பத்தியைக் காட்டவில்லையே என்பது அடுத்த புலம்பல். புரூஸ் பெரன்ஸ் 1990களில் டெபியன் நிறுவல் ஃப்ளாப்பிக்குள் அடக்குவதற்காக எழுதத் தொடங்கிய கட்டளைத் தொகுப்பு பிஸிபாக்ஸ். அதில் சிக்கனம் குறையல்ல, நோக்கம். பெரிய பிஎஸ்ஸும் சின்ன பிஎஸ்ஸும் படிப்பது அதே ப்ராக் கோப்பகத்தைத்தான். அங்கே ப்ராசஸ் எண்ணுக்குள் இருக்கும் ஸ்டேட்டஸ் கோப்பை ஒரு கேட் கட்டளையில் திறந்தால் விஎம்ஆர்எஸ்எஸ் வரி கண்ணெதிரே நிற்கும். பகிர்வைப் பிரித்துப் பார்க்க ஸ்மாப்ஸில் பிஎஸ்எஸ் இருக்கிறது, கெர்னலில் அந்த வசதியைச் சேர்த்திருந்தால். மொத்த நிலவரத்துக்கு மெம்இன்ஃபோவில் மெம்அவெய்லபிள். 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்தே உண்டு. இத்தனையும் கேட்பாரற்றுக் கிடக்க, கருவி சரியில்லை என்கிறார்.

இன்னொரு புகார்: பிஎஸ் ‘டி’ நிலை என்று காட்டிய ப்ராசஸ் கில் 9க்கும் சாகவில்லையாம். கெர்னலுக்குள், பெரும்பாலும் வன்பொருளின் பதிலுக்காகக் காத்துக் கிடப்பதன் அடையாளம் அது; விழித்தால்தான் சிக்னல் வேலை செய்யும். சந்தேகப்பட வேண்டியது டிரைவரையோ எஸ்டி கார்டையோ.

விஎம்ஆர்எஸ்எஸ், மெம்அவெய்லபிள் எண்களோடு வரட்டும், விவாதிக்கலாம். விஎஸ்இசட் கூட்டுத்தொகையோடுதான் வருவார் என்றால், அதற்குப் பதில் சொல்ல இனி எனக்கு நேரமில்லை.