காவிரியில் ஒரு கடமுடா

ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்கு மேலே, தேங்கி நிற்கும் காவிரியில் தங்கை மகன் ரேடியோ படகு விட்டான். படகு பறந்தது, கூடவே மாவு மில் சத்தம்! மூன்றாவது ஞாயிறு, அச்சு தேய்ந்து நடு ஆற்றில் நின்றுவிட்டது. பரிசலில் போய்த் தூக்கி வந்தோம்.

"மோட்டார் சரியில்லீங்க மாமா" என்றான்.

மோட்டார் பாவம். குற்றவாளி, ப்ரொப்பல்லர். ஒரு இதழ் 0.1 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து 15 மி.மீ. தள்ளி இருக்கும் அந்தத் துளி எடை, நிமிஷத்துக்கு 20,000 சுற்றில் அச்சை 670 கிராம் கனத்தோடு இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நாலு மடங்கு. நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சக்கரத்தில் ஈயக்கட்டி அடிப்பது எதற்காம்?

ஆகவே, பேலன்ஸர் வேண்டும். எந்த ரகம்? காந்தத்தில் ஊசிமுனை தொட்டு நிற்பதில்தான் உராய்வு குறைவு. ஆனால், பல பேலன்ஸர்கள் விமான ப்ரொப்பல்லருக்குச் செய்தவை. படகு ப்ரொப்பல்லரில் துளை பெரும்பாலும் 4 மி.மீ. அல்லது 3/16 அங்குலம். அதற்குக் கச்சிதமான தண்டு உண்டா என்று கேளுங்கள். லொடலொட என்று ஆடினால் காசு தண்டம்!

வாங்கியதையும் சோதியுங்கள். ப்ரொப்பல்லரைத் தண்டின் மேல் அரைச்சுற்று திருப்பி மாட்டுங்கள். முன்பு கீழே இறங்கிய இதழே மறுபடி இறங்கினால் குறை ப்ரொப்பல்லரில். மற்றது இறங்கினால் கருவியில்.

கனத்த இதழை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: சில ப்ரொப்பல்லர்கள் பெரிலியம் கலந்த தாமிரம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரில் நனைத்து, முகமூடி போட்டுத் தேயுங்கள். பையன் கையில் கொடுக்காதீர்கள்.

போன ஞாயிறு படகு சத்தமில்லாமல் போயிற்று. கரையில் அவன் போட்ட கூச்சல்தான் அணைக்கட்டைத் தாண்டிக் கேட்டது.