பழுதறியும் கலை

புதிய இயந்திரம் ஒன்று வரும்போதெல்லாம் அதனோடு ஓர் அச்சமும் உடன் வருகின்றது. "இது நமக்கு விளங்காது, தொடாதிருப்பதே நன்று" என்பதுதான் அவ்வச்சத்தின் பேச்சு. மலைப்பாதைத் துவிச்சக்கரவண்டிகளில் இக்காலம் பொருத்தப்படும் மின்னியக்கக் கியர் மாற்றியைப் பற்றியும் இப்பேச்சே எழுகின்றது. இவ்வச்சத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதும், இதனை வளரவிடுதல் நம் பகுதிக்குத் தீங்கு என்பதும் எனது கருத்து.

அறுகம்பேயை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டார் அங்கே வந்து நிறைகின்றனர். பாணமை, ஒக்கந்தை, குமணை எனத் தெற்கே செல்லும் வழிகள் மலைவண்டி ஓட்டுவோரை அழைப்பன. வடக்கேயோ, பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை வரை சைக்கிள் திருத்துவோர் இருக்கின்றனர். கோணிய றிம்மைக் கண்ணளவாலேயே நேராக்கும் கைகள் அவர்களுடையவை. பயணி ஒருவரின் மின் கியர் வேலைசெய்ய மறுத்தால், "இது எங்கள் வேலையன்று" என்று அக்கைகள் பின்வாங்க வேண்டுமா? வினா இதுவே.

இக்கருவி நேற்றுப் பிறந்ததன்று. பிரான்சின் மவிக் நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே மின்னால் இயங்கும் கியர் மாற்றியைச் செய்து பார்த்தது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 2009இல் பந்தய வண்டிக்கும், 2014இல் மலைவண்டிக்கும் தனது டி.ஐ.2 அமைப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் 2019இல் கம்பியே இல்லாத ஈகிள் அமைப்பை மலைவண்டிக்கு அளித்தது. கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் வானொலி அலை வழியே கட்டளை செல்லும். பின்சக்கரத்தருகே உள்ள சிறு மோட்டார் செயினை அடுத்த பல்லுக்கு நகர்த்தும். மாறியது இவ்வளவே. முன்பு விரலும் கம்பியும் இழுத்ததை இன்று மோட்டார் இழுக்கின்றது. செயின் இன்னும் செயின்தான்; பல்லும் பல்தான்.

எனவே பழுது நேர்ந்தால் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: பொத்தானை அழுத்தும்போது மோட்டார் அசைகின்றதா, இல்லையா? அசையாவிட்டால் குறை மின்பக்கத்தது. முதலிற் பற்றரியைப் பார்க்க வேண்டும். கம்பியில்லா அமைப்பிற் பற்றரி இரண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மாற்றியின் மேல் உள்ளது ஒன்று. கைப்பொத்தானுக்குள் இருக்கும் நாணய வடிவச் சீஆர் 2032 மற்றொன்று. பின்னது தீர்ந்துபோயிருக்க, முன்னதை மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயனில்லை. கடற்காற்று வீசும் ஊரில் பற்றரியின் தொடுமுனைகளில் உப்புப் பூத்திருக்கின்றதா என்றும் நோக்குதல் வேண்டும். இரண்டும் சரியெனில், பொத்தானுக்கும் மாற்றிக்கும் உள்ள இணைப்பை மீண்டும் ஏற்படுத்திப் பார்க்கலாம்.

மோட்டார் அசைந்தும் செயின் சரியாக ஏறவில்லையெனில், குறை பெரும்பாலும் நம் திருத்துநர் நெடுங்காலமாக அறிந்ததே. வண்டி ஒருபுறம் சாய்ந்து விழுந்தால், மாற்றியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு வளைந்துவிடும். பன்னிரண்டு பற்சக்கரங்கள் நெருங்கி நிற்கும் தொகுதியில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் நான்கு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆதலால் அற்ப வளைவும் பெருங்குழப்பமாகும். தாங்கி வளைந்திருக்க, நுண்சீரமைப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பது வீண். ஒரு பல்லுக்குச் சரிசெய்தால் மற்றொரு பல் கெடும். முதலில் தாங்கியை நிமிர்த்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். பின்னரே நுண்சீரமைப்பு.

ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும் செயின் நழுவினால் தேய்மானத்தை ஐயுறுக. கண்ணி ஒவ்வொன்றும் அரை அங்குலம். இருபத்துநான்கு கண்ணிகள் பன்னிரண்டு அங்குலம். அளவுகோலில் அது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயின் மாற்றத்துக்குரியது. மணல் நிறைந்த வழிகளில் இத்தேய்மானம் விரைவில் வரும். இதனை அறியக் கணினி வேண்டாம், அடிமட்டம் போதும்.

"மூடிய பெட்டிக்குள் மோட்டாரே செத்துவிட்டால் என்செய்வது?" என்று வினவுவார் உண்டு. நியாயமான வினாவே. அதனை ஊரிலே திறந்து திருத்துதல் அரிது. முழுப்பாகத்தையும் மாற்ற நேரிடும். சில சீரமைப்புகளுக்குக் கைத்தொலைபேசியில் நிறுவனத்தாரின் செயலியும் வேண்டும். பொருளை விற்றபின் அதன் திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் இவ்வழக்கம் கண்டிக்கத்தக்கது. ஆயினும் ஒரு கதவு பூட்டியிருப்பதால் வீடு முழுவதும் பூட்டியிருப்பதாக எண்ணலாகாது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும் அதன் மூலத்தையும் அறிந்த பின்னரே சிகிச்சைக்குச் செல்லுமாறு மருத்துவனுக்குக் கூறுகின்றது. இம்முறையை வகுப்பில் மனப்பாடம் செய்விக்கும் நாம், மாணவன் கையில் ஒரு பழுதான சைக்கிளைக் கொடுத்து, "காரணங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக நீக்கு" என்று சொல்வதில்லை. விஞ்ஞானப் பாடத்துக்கு இதனினும் மலிவான ஆய்வுகூடம் எங்கே கிடைக்கும்?

இன்னொரு குறையும் உண்டு. இவ்வறிவு பெரும்பாலும் ஆங்கிலக் கையேடுகளில் அடைபட்டுக் கிடக்கின்றது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது; அதில் பொறியியற் பீடமும் உண்டு. அங்குள்ள மாணவரும் கல்முனைத் திருத்துநரும் ஓரிடத்தில் அமர்ந்து, படங்களோடு கூடிய இருபது பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றை ஆக்குதல் இயலாத காரியமன்று. செயின், றிம், கியர் என்று கடையில் வழங்கும் சொற்களையே அதில் எழுதுக. புலவர்க்கு மட்டும் விளங்கும் கலைச்சொற்களால் அதனை நிரப்பற்க. அடுத்த பருவம் தொடங்குமுன் அக்கையேடு பொத்துவில் கடைகளில் தொங்குமாயின், கடற்கரைக்கு வரும் வருவாயில் ஒரு பங்கு திருத்தும் கைகளுக்கும் சேரும். ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்ப்பாராக.