அப்பா காலத்தில் மாற்றிய எஞ்சின்

காங்கேயத்தில் காளைக்கு விலை பேசும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி, "தாய் யாரு ஊட்டு மாடுங்க?" பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்து வழி என்றால் பேச்சே வேறு தொகையில் தொடங்கும். அதே ஊரில், ஆலைக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் காண்டசா காரின் எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். "அப்பா காலத்துல மாத்துனதுங்க." அத்தோடு சரி.

நம் நாட்டு மசில் கார் என்று காண்டசாவைக் கொண்டாடுகிறார்கள். தோற்றத்துக்குப் பொருந்தும். 1984இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை இறக்கியபோது, பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் உடலுக்குள் அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின்தான். குதிரைத்திறன் சுமார் 50. அத்தனை நீளப் பானெட்டுக்கு அநியாயம்! இசுசூவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகே வண்டிக்கு உயிர் வந்தது. பழைய வண்டி வைத்திருந்தவர்களும் பட்டறையில் விட்டு அதை ஏற்றிக்கொண்டார்கள்.

அதில் குறைவொன்றும் இல்லை. பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் ஷெவர்லே டீலரான டான் யென்கோ, 1967இல் புதுக் கமாரோவின் 396 கன அங்குல எஞ்சினை இறக்கிவிட்டு 427ஐ ஏற்றி விற்றார். கிட்டத்தட்ட 7 லிட்டர். அந்த அளவு காரில் 400ஐத் தாண்டக் கூடாதென்பது ஜெனரல் மோட்டார்ஸ் தனக்கே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. டீலர் பட்டறைக்குள் அது செல்லவில்லை. இன்று அந்த வண்டிகள் ஏலத்தில் பெரும் விலைக்குப் போகின்றன. ஆனால் எந்தக் கமாரோவிலும் யாரும் 427ஐ ஏற்றிவிடலாமே? எஞ்சினில் குத்திய குறியீடு, தொழிற்சாலை ஏற்றியதோடு ஒத்துப்போகாது. வேறு வண்டியில் சந்தேகம் கிளப்பும் இந்த முரண், டீலர் பில் கையில் இருந்தால் இங்கே சான்றாகிவிடுகிறது. விலையில் பாதி அந்தக் காகிதத்துக்குத்தான் என்பேன்.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, முன் ஒப்புதலின்றி எஞ்சின் மாற்றினால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 2021இல் வந்த விண்டேஜ் விதியோ, 50 வயது கடந்து, எஞ்சினிலும் பெரிய மாற்றமில்லாத வண்டிக்கே 'விஏ' பதிவெண் தரும். முதல் காண்டசாக்களுக்கு 2034இல் 50 ஆகிவிடும்.

எஞ்சின் ஏற்றிய மெக்கானிக் இன்னும் உங்கள் ஊரிலேயே இருப்பார். பழைய எண், புது எண், எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது, எந்த ஆண்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய எஞ்சினை எடைக்குப் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதலாம்.