செங்கல் அறுத்தே படித்த மாணவர்கள்: டஸ்கீகி கட்டடங்களின் கதை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள டஸ்கீகி பல்கலைக்கழகம், கிராமப்புறத் தொழிற்பள்ளியாக வளர்ந்த இடம். அங்குள்ள பழைய செங்கல் கட்டடங்களைக் கட்டியது கான்ட்ராக்டர்கள் இல்லை, மாணவர்கள்தான். ஏன் அப்படி?

சம்பளம் உண்டு, கட்டடம் இல்லை

கறுப்பின ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளிக்காக அலபாமா அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. அது ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ஒரு பைசா கிடையாது. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன், 1881-ல் ஒழுகும் கொட்டகையில் வகுப்பைத் தொடங்கினார். அடுத்து, கடன் வாங்கி ஒரு பழைய பண்ணை நிலத்தை வாங்கினார்.

நாலாவது சூளை

மாணவர்களே மண் குழைத்து, செங்கல் அறுத்து, சூளை போட்டார்கள். மூன்று முறையும் தோல்வி. கையில் காசு இல்லை. வாஷிங்டன் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நாலாவது சூளை போட்டார். இந்த முறை கல் சரியாக வெந்தது. அந்தக் கல்லை வாங்க ஊர் வெள்ளையர்களும் வந்தார்கள். பாடமே வருமானமாகவும் ஆனது.

1892-ல் ராபர்ட் டெய்லர் வந்தார். எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவர். இவர் வரைந்து 1898-ல் முடிந்த தேவாலயத்துக்கு மட்டும் 12 லட்சம் செங்கல், எல்லாம் மாணவர்கள் அறுத்தவை. 1957-ல் அது தீயில் அழிந்தது.

அப்போ சர்ச்சை எதுக்கு?

கைத்தொழிலை முன்னிறுத்தி ஓட்டுரிமையையும் உயர்கல்வியையும் வாஷிங்டன் விட்டுக்கொடுக்கிறார் என்று 1903-ல் விமர்சித்தார் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ். தொழில் கற்பிப்பது ஒருவரைத் தன் காலில் நிற்க வைப்பதா, இல்லை 'உனக்கு இது போதும்' என்று நிறுத்திவைப்பதா? அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. டெய்லரின் வாழ்க்கையைப் பார்த்தால், தொழிலும் உயர்கல்வியும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று புரியும்.

இப்போ என்ன நிலை?

டஸ்கீகி வளாகத்தின் ஒரு பகுதி 1974-ல் தேசிய வரலாற்றுத் தலமானது. வகுப்புகளும் தொடர்கின்றன. ஆனால் வாஷிங்டனும் தொழிலதிபர் ஜூலியஸ் ரோசன்வால்டும் தொடங்கிவைத்த திட்டத்தில், 1912 முதல் 1932 வரை தென்மாநிலக் கிராமங்களில் எழுந்த சுமார் 5,000 பள்ளிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஊர்மக்களும் பணம், உழைப்பு கொடுத்துக் கட்டியவை அவை. பெரும்பாலானவை இன்று இல்லை. மிஞ்சியவற்றைத் தேசியப் பூங்கா அமைப்பின் கீழ் கொண்டுவரலாமா என்று ஆராய 2021-ல் சட்டம் வந்தது. அது ஆய்வுக்கான சட்டம்தான், பாதுகாப்புக்கானது அல்ல.