உதவியாளரைத் தேர்ந்தெடுப்பது யார் உரிமை? சட்டம் சொல்வதும் பெங்களூரு காட்டும் நிலவரமும்

உயர்மதிப்பு ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பால் எழுந்த அமளியில், 2016-ஆம் ஆண்டு நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் ஏறத்தாழ முழுவதுமாக முடங்கியது. அக்கூட்டத்தொடரின் கடைசி நாளான டிசம்பர் 16 அன்று, ஆளும் தரப்பும் எதிர்க்கட்சிகளும் வேறுபாடு மறந்து மக்களவையில் ஒரு மசோதாவை நிறைவேற்றின. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் மசோதாதான் அது. இரண்டு நாள்களுக்கு முன்பே மாநிலங்களவை அதற்கு ஒப்புதல் அளித்திருந்தது. அதை அவையில் முன்மொழிந்த அன்றைய சமூக நீதித் துறை அமைச்சர் தாவர் சந்த் கெலாட், 2021 ஜூலையில் கர்நாடக ஆளுநராகப் பொறுப்பேற்றுப் பெங்களூரு ராஜ்பவனுக்குச் சென்றார்.

அவர் முன்மொழிந்த சட்டம் சாதாரண மனிதரின் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அறிய, அந்தப் பெங்களூரையே எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு அமைப்புகள் வலுவாக வேரூன்றிய நகரம் அது. வீட்டுக்கே வந்து பராமரிக்கும் தனியார் சேவை வேகமாக வளர்ந்த நகரமும் அதுவே.

கவனம் பெறாத பிரிவுகள்: 2017 ஏப்ரல் 19-இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தைப் பற்றிப் பேசுவோர், அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளின் எண்ணிக்கை 7-லிருந்து 21 ஆனதையும், அரசுப் பணி இடஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்ந்ததையுமே பெரும்பாலும் குறிப்பிடுகின்றனர். பராமரிப்பு குறித்த பிரிவுகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. குளிப்பதற்கும் உண்பதற்கும் படுக்கையிலிருந்து எழுவதற்கும் மற்றொருவரின் கையை எதிர்பார்த்திருப்பவர்களுக்கு இடஒதுக்கீட்டைவிட இப்பிரிவுகளே முக்கியமானவை.

மாற்றுத்திறனாளி ஒருவரைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதிருக்கவும், தனிப்பட்ட உதவியாளர் உள்ளிட்ட சேவைகள் அவருக்குக் கிடைக்கச் செய்யவும் அரசு முயல வேண்டும் என்கிறது 5-ஆவது பிரிவு. 13-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தமக்குக் கிடைக்கும் ஆதரவு ஏற்பாட்டை மாற்றவோ, முற்றிலும் கைவிடவோ, வேறொருவரின் ஆதரவை நாடவோ மாற்றுத்திறனாளிக்கு உரிமை உண்டு என்று அது தெளிவாகக் கூறுகிறது. உதவி செய்பவருக்கும் உதவி பெறுபவருக்கும் இடையே பணம், சொத்து தொடர்பாக நலன்கள் மோதினால், உதவி செய்பவர் அந்த விவகாரத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதும் அப்பிரிவில் உள்ளது.

அதாவது, பராமரிப்பு என்பது குடும்பத்தாரோ நிறுவனமோ காட்டும் தயவு அல்ல. யாரிடம், எப்படி உதவி பெறுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் உதவி பெறுபவரிடமே இருக்க வேண்டும் என்பது நாடாளுமன்றத்தின் முடிவு. 2006-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட, 2007 அக்டோபரில் இந்தியா உறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் சாரமும் இதுவே.

பணம் எங்கே?: உரிமையை எழுதிய அதே சட்டம், அதற்கான செலவு என்று வரும்போது பின்வாங்கி நிற்கிறது. தீவிர ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்க 24-ஆவது பிரிவு வகை செய்கிறது. ஆனால், அரசு தன் "பொருளாதாரத் திறன் மற்றும் வளர்ச்சியின் வரம்புக்கு உட்பட்டு" திட்டங்களை வகுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கேயே உள்ளது. 38-ஆவது பிரிவின்படி, தீவிர ஆதரவு தேவைப்படும் ஒருவர் விண்ணப்பித்தால், மதிப்பீட்டு வாரியம் அவரது தேவையை ஆராய்ந்து அறிக்கை அளிக்க வேண்டும். அதன் அடிப்படையில் ஆதரவு வழங்குவது, "அரசின் திட்டங்களுக்கும் உத்தரவுகளுக்கும் உட்பட்டது". திட்டம் இல்லையென்றால் அறிக்கை கோப்போடு நின்றுவிடும். இந்த மதிப்பீட்டுக்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டதே 2019-இல்தான்.

மத்திய அரசின் நேரடி உதவி என்ன என்று பார்த்தால், இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம்தான் நிற்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவீதத்துக்கும் மேல் பாதிப்புள்ளவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். 2012-இல் மாதம் ரூ. 300 ஆக உயர்த்தப்பட்ட மத்திய அரசின் பங்கு, அதன் பின்னர் பல ஆண்டுகளாக அதே நிலையில் நீடித்தது. நாளொன்றுக்கு ரூ. 10. இத்தொகையை உயர்த்துமாறு ஊரக வளர்ச்சித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு திரும்பத் திரும்பப் பரிந்துரைத்துள்ளது.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை, பிறருக்கான அதே போன்ற திட்டங்களில் தரப்படுவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று 24-ஆவது பிரிவு கூறுகிறது. அதே தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழ் கைம்பெண்களுக்கு மத்திய அரசு வழங்கும் தொகையும் ரூ. 300-தான். கைம்பெண்களுக்கான தொகையே போதாது என்பது வேறு விஷயம். நாடாளுமன்றம் எழுதிய 25 சதவீதக் கணக்கை மத்திய அரசின் திட்டமே பின்பற்றவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

மாநிலங்கள் தங்கள் நிதியிலிருந்து கூடுதல் தொகை வழங்குகின்றன. தமிழகத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் ரூ. 1,500-லிருந்து ரூ. 2,000 ஆக உயர்த்தப்பட்டது. கேரளத்தில் படுக்கையில் இருப்போரைக் கவனிப்பவர்களுக்கு மாதம் ரூ. 600 வழங்கும் "ஆஸ்வாசகிரணம்" திட்டம் உள்ளது.

கர்நாடகத்தின் முயற்சி: கர்நாடக முதல்வர் சித்தராமையா 2024 பிப்ரவரியில் தாக்கல் செய்த பட்ஜெட்டில், மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோரைப் பராமரிப்பவர்களுக்கு மாதம் ரூ. 1,000 ஊக்கத்தொகை வழங்கப்படும் என்று அறிவித்தார். வீட்டுக்குள் நடக்கும் பராமரிப்பை அரசு ஒரு பணியாக அங்கீகரித்த வகையில் இது வரவேற்கத்தக்கது. எனினும், சட்டத்தின் நோக்கத்தோடு ஒப்பிட்டால் இரண்டு இடைவெளிகள் புலப்படுகின்றன.

முதலாவதாக, சட்டம் ஒருவரின் தேவையை அளவுகோலாகக் கொள்கிறது. அறிவிப்பு நோயின் பெயரை அளவுகோலாகக் கொள்கிறது. சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த இளைஞருக்கு நாள் முழுவதும் ஒருவரின் துணை தேவை. அந்தப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. இரண்டாவதாக, தொகை பராமரிப்பவருக்கே தரப்படுகிறது. உதவி பெறுபவர் தமக்கு வேறொருவர் வேண்டும் என்று நினைத்தால் அதற்கு வழியில்லை. 13-ஆவது பிரிவு அளித்த தேர்வுரிமை இங்கே காணாமல் போகிறது.

இத்தனைக்கும் மாற்றுத்திறனாளிகளே முன்னின்று வழிநடத்தும் மரபு கர்நாடகத்துக்குப் புதிதல்ல. போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இயங்கிய என்.எஸ். ஹேமா, 1959-இலேயே பெங்களூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார். முதுகுத்தண்டு பாதிப்புள்ளோருக்கான மறுவாழ்வுப் பயிற்சி உள்ளிட்ட பணிகளை அச்சங்கம் இன்றும் நடத்துகிறது. சக்கர நாற்காலி, செயற்கை உறுப்புகள் தொடர்பான பணியில் 1994 முதல் "மொபிலிட்டி இந்தியா"வும், வேலைவாய்ப்பில் 1999 முதல் "எனேபிள் இந்தியா"வும் அதே நகரில் இயங்குகின்றன. கர்நாடகத்தின் கிராம ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளையே மறுவாழ்வுப் பணியாளர்களாக அமர்த்திக் கௌரவ ஊதியம் வழங்கும் ஏற்பாடும் உள்ளது. உதவித்தொகை விண்ணப்பம் முதல் அடையாளச் சான்றிதழ் வரை அவர்கள் வழிகாட்டுகின்றனர். தேவையை மதிப்பிடும் பொறுப்பில் இவர்களின் அனுபவத்தை அரசு பயன்படுத்திக்கொள்ளத் தடையேதும் இல்லை.

புள்ளிவிவரம் சொல்லாதது: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். இவர்களில் 13.24 லட்சம் பேர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். 2018-இல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆவது சுற்று, மாற்றுத்திறனாளிகளில் 62.1 சதவீதம் பேருக்குப் பராமரிப்பவர் இருப்பதாகவும், தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் 0.3 சதவீதம் பேர் மட்டுமே என்றும் தெரிவிக்கிறது.

இதை மட்டும் பார்த்தால் பிரச்னையே இல்லை என்று தோன்றும். ஆனால், அந்தப் பராமரிப்பவர் யார், அவர் ஊதியம் பெறுகிறாரா, அவருக்கு ஓய்வு உண்டா, எப்போது எழுவது, எங்கே செல்வது என்பதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்விகளுக்கு இந்த எண்களில் விடை இல்லை. பெரும்பாலான வீடுகளில் தாய், மனைவி, மகள் அல்லது மருமகளே இந்தப் பொறுப்பைச் சுமக்கின்றனர். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் அவர்களுக்கும் மாற்று வழி இல்லை. அவர்களை நம்பியிருப்பவர்களுக்கும் மாற்று வழி இல்லை. தாய் முதுமை அடைந்த பிறகு என்ன ஆகும் என்பதே இக்குடும்பங்களின் பெரிய அச்சம்.

முதியோரின் நிலை: முதியோர் விஷயத்திலும் இதே கேள்வி எழுகிறது. 2011-இல் 10.38 கோடியாக இருந்த 60 வயதைக் கடந்தோர், 2050-இல் மக்கள்தொகையில் 19.5 சதவீதமாக இருப்பர் என்று 2024 பிப்ரவரியில் நீதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் தனியாகவும் வாழும் குடும்பங்கள் பெங்களூரில் ஏராளம். 2002-இலேயே மாநகரக் காவல்துறையும் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் இணைந்து முதியோருக்கான 1090 உதவி எண்ணைத் தொடங்க வேண்டிய தேவை அங்கே ஏற்பட்டது.

70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டது. அது மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைத் தூக்கி உட்கார வைப்பதற்கு அதில் இடமில்லை. அந்த இடத்தைத் தனியார் முகமைகள் நிரப்பியுள்ளன. வசதி உள்ளவர்கள் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஆளை அமர்த்திக்கொள்கின்றனர். பயிற்சி, பின்னணிச் சரிபார்ப்பு, புகார் செய்ய ஓர் அமைப்பு ஆகியவற்றுக்கு நாடு முழுவதும் பொருந்தும் சட்டம் இல்லை.

அப்படி ஒரு சட்டத்துக்கான வாய்ப்பு வந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. வீட்டுப் பராமரிப்புச் சேவை நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுப்பதற்கும் அதில் வழி இருந்தது. மசோதா நிலைக்குழுவுக்குச் சென்று, 2021-இல் அறிக்கையும் வந்தது. அதன் பிறகு விவாதத்துக்கு எடுக்கப்படாமலேயே, 2024-இல் 17-ஆவது மக்களவையுடன் அது காலாவதியானது.

பணியாளர்களும் முக்கியம்: பராமரிப்பு ஊழியர்களின் பாதுகாப்பை விட்டுவிட்டு உதவி பெறுவோரின் உரிமையை மட்டும் பேச முடியாது. இரவு பகலாக ஒரு வீட்டில் தங்கிப் பணிபுரியும் பெண்ணுக்கு வேலை நேரமும் விடுப்பும் வரையறுக்கப்படாவிட்டால், அவர் தரும் கவனிப்பும் தரமாக இருக்காது. வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பராமரிப்பு ஊழியர்களையும் அந்தச் சட்டம் உள்ளடக்க வேண்டும்.

எதிர்வாதங்கள்: தொகையை நேரடியாக உதவி பெறுபவரிடமே கொடுத்தால் அது பிறரால் பறிக்கப்படலாம் என்றும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களால் தேர்வு செய்ய இயலாது என்றும் சில பெற்றோர் கவலைப்படுகின்றனர். இக்கவலை நியாயமானதே. இதற்காகத்தான் 14-ஆவது பிரிவு, முழுமையான காப்பாளர் முறைக்குப் பதிலாக, இருவரும் பரஸ்பர நம்பிக்கையுடன் கூட்டாக முடிவெடுக்கும் "வரையறுக்கப்பட்ட காப்பாளர்" முறையை முன்வைத்தது. நிதிச்சுமை என்ற வாதமும் உண்டு. சுவீடனில் 1994 முதல், உதவி பெறுபவரே உதவியாளரை நியமித்துக்கொள்ளச் சட்டப்படி நிதி வழங்கப்படுகிறது. பிரிட்டன் 1996-இல் சட்டமியற்றி, முதலில் 65 வயதுக்குட்பட்டோருக்கு அளித்த நேரடி நிதியை, 2000-இல் முதியோருக்கும் விரிவுபடுத்தியது. அந்நாடுகளின் வருவாய் வேறு என்பது உண்மை. சிறிய தொகையுடன், தீவிரத் தேவை உள்ளவர்களிடமிருந்து தொடங்கிப் படிப்படியாக விரிவுபடுத்துவது இந்தியாவுக்கும் சாத்தியமே.

இச்சட்டத்தின் கீழான அணுகல் வசதி விதி ஒன்று வெறும் பரிந்துரையாக இருப்பதை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைந்தபட்சத் தரம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். சாய்தளத்துக்கும் மின்தூக்கிக்கும் பொருந்தும் அந்த நியாயம், அவற்றை அடைவதற்கு முன் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும் கைக்கும் பொருந்த வேண்டும்.

மத்திய அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. காலாவதியான மூத்த குடிமக்கள் மசோதாவின் வீட்டுப் பராமரிப்புப் பகுதியை மீண்டும் கொண்டுவர வேண்டும். ஓய்வூதியத்தில் 25 சதவீத நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும். கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள், நோய்ப் பட்டியலைக் கைவிட்டு மதிப்பீட்டு வாரியத்தின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, யாரிடம் உதவி பெறுவது என்ற முடிவைப் பயனாளியிடமே விட வேண்டும். அமளிக்கு இடையிலும் 2016-இல் கட்சிகளிடையே ஏற்பட்ட ஒருமித்த கருத்து, நிதி ஒதுக்கும் நேரத்திலும் நீடிக்கிறதா என்பது இனி வரும் பட்ஜெட்டுகளில் தெரிந்துவிடும்.